பின்ஹாலுக்கு பெல் கிடையாது

ஸ்டீபன்ராஜ் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் ஒருநாளும் இறங்குவதில்லை. திண்டுக்கல்லில் பஸ் ஏறினால், ஒருநாள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வேலியோரமாக நடந்து வருவார். இன்னொரு நாள் சின்னாளப்பட்டி வரைக்கும் போய், அங்கிருந்து எதிர் பஸ் பிடித்துத் திரும்பி வருவார். ஏன் இப்படி என்று கேட்டால், “டாக்டர் நடக்கச் சொல்லிருக்காரு” என்பார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அவர் போகிற இடம் ‘அந்திநிழல்’ என்ற முதியோர் பராமரிப்பு இல்லம். மதுரை ரோட்டிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே, ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் சம்பங்கித் தோட்டம். அங்கே நான்காம் அறையில் அவருடைய மனைவி ஜெசிந்தா படுத்திருக்கிறார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலது கையும் வலது காலும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம்: “ஆமா.”

மனைவியைப் பார்க்கப் போகிற மனிதர் எதற்காக இப்படிப் பதுங்கிப் பதுங்கிப் போக வேண்டும்? அதைச் சொல்ல, அவர் பார்த்த வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்டீபன்ராஜுக்கு எழுபத்தொரு வயது. மேட்டுப்பட்டிக்காரர். அரசு பஸ்ஸில் பதினோரு வருடம் கண்டக்டர், அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் செக்கிங் இன்ஸ்பெக்டர். பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி, டிக்கெட்டையும் ஆட்களையும் எண்ணிப் பார்க்கிற வேலை. நத்தம் ரோடோ வேடசந்தூர் ரோடோ, எந்த நாள் எங்கே நிற்பார் என்று அவர் வீட்டுக்கே தெரியாது. டீக்கடைத் தட்டிக்குப் பின்னால் நிற்பார், பாலத்துக்கு அடியில் நிற்பார். ஒருமுறை கல்யாண வீட்டுப் பந்தலில் மொய் எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்து ஒரு பஸ்ஸை மறித்தார்.

கண்டக்டர்களும் சும்மா இருப்பார்களா? எதிரே வருகிற பஸ்ஸின் டிரைவர் பட்டப்பகலில் ஹெட்லைட்டை இரண்டு தடவை வெட்டி, உள்ளங்கையால் தலையைத் தடவிக் காட்டுவார். செக்கிங் நிற்கிறது என்று அர்த்தம். அந்தச் சைகை கிடைத்த பஸ், ஸ்டீபன்ராஜ் ஏறும்போது பூசைக்கு முந்தின பீடம் மாதிரி சுத்தமாக இருக்கும். எல்லார் கையிலும் டிக்கெட் இருக்கும். அதனாலேயே அவருக்கு ஒரு புத்தி ஊறிப்போயிற்று. பஸ்ஸில் தவறு இருந்தால் அவருக்கு வேலை. தவறே இல்லாவிட்டால் அவருக்குச் சந்தேகம்.

வேலையில் ஊறினது வீட்டுக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்த மகளிடம், “சாமியார் பிரசங்கத்துல என்ன சொன்னாரு?” என்று கேட்பார். அதே கேள்வியை அடுப்படியில் மனைவியிடம் தனியாகக் கேட்பார். இரண்டு பதிலையும் மனதுக்குள் ஒட்டிப் பார்த்த பிறகுதான் தட்டில் கை வைப்பார். “உங்கப்பாரு மோட்சத்துக்குப் போனாலும் வாசல்ல நிக்கிற பேதுருகிட்ட சாவி ஒரிஜினலான்னு கேப்பாரு” என்று ஜெசிந்தா மகளிடம் சொல்வார். அப்போது அவருக்கு எல்லா வார்த்தையும் இருந்தது.

பக்கவாதம் வந்த பிறகு முதல் எட்டு மாதம் ஸ்டீபன்ராஜ் தனியாகவே பார்த்துக்கொண்டார். யாரையும் நம்பி விட மனசு வரவில்லை. ஊட்டினார், துடைத்தார், கஞ்சி வைத்தார். ஒன்றே ஒன்று மட்டும் அவரால் ஆகவில்லை. மனைவியைத் திருப்பிப் படுக்க வைக்க முடியவில்லை. இரண்டு கையையும் முதுகுக்கு அடியில் கொடுத்துத் தூக்கப் பார்ப்பார். அவருக்கு மூச்சு வாங்கும், ஜெசிந்தா வலியில் முகத்தைச் சுளிப்பார், அதோடு விட்டுவிடுவார். ஒருநாள் துணி மாற்றும்போது முதுகுக்குக் கீழே பார்த்தார். ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். அவர் தினமும் துடைத்த இடம்தான்.

அது ஆற நாலு மாதம் ஆயிற்று. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்பிப் போட்டே ஆகணும். இன்னொரு புண்ணு வந்தா இந்த உடம்பு தாங்காது.”

முப்பத்துமூன்று வருட சர்வீஸில் ஸ்டீபன்ராஜ் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறார். அன்றைக்குப் பிடிபட்டது அவரே. கோயம்புத்தூரில் டீச்சராக இருக்கும் மகள் அனிஷா ஓடி வந்து விசாரித்து, அம்மாவை அந்திநிழலில் சேர்த்துவிட்டுப் போனாள். போகும்போது, “அப்பா, தயவுசெஞ்சு அங்கயும் போயி செக்கிங் பண்ணாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

அவர் “சரிம்மா” என்றார்.

அந்திநிழலில் முன்பக்கம் வரிசையாக நான்கு அறைகள். அறைக்கு இரண்டு மூன்று கட்டில். பின்பக்கம் தகரக் கூரை போட்ட நீளமான ஹால் ஒன்று உண்டு. அங்கே ஒன்பது கட்டில். பார்க்க ஆள் வராதவர்களும், வீட்டார் எப்போதாவது வருகிறவர்களும் அங்கே. எல்லாவற்றையும் நடத்துகிறவர் பாத்திமா சிஸ்டர். கன்னியாஸ்திரி இல்லை, நர்ஸ். இடுப்பில் சாவிக்கொத்து, காதில் எந்நேரமும் போன்.

முதல் மாதம் ஸ்டீபன்ராஜ் போன நாளெல்லாம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஜெசிந்தாவின் படுக்கை விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. தலை வாரி, பவுடர் போட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் தலையணை அண்டை கொடுத்திருந்தது. அவர் கையை அடியில் விட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை. புண் இருந்த இடத்தைப் பார்த்தார். தழும்பு மட்டும் இருந்தது.

அவருக்குத் தூக்கம் போயிற்று.

சாட்சியை விசாரித்தார். “ஜெசி, உன்னைய ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்புறாங்களா?”

“ஆமா.”

“நேத்தும் திருப்புனாங்களா?”

“ஆமா.”

“மத்தியானம் யானை வந்துச்சா?”

“ஆமா.”

சாட்சி செல்லாது. அவர் கட்டில் காலில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். திருப்பிப் போட்ட நேரம், எந்தப் பக்கம், யார் கையெழுத்து என்று கட்டம் போட்ட தாள். எட்டு மணி இடது, பத்து மணி மல்லாக்க, பன்னிரண்டு மணி வலது. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று இருபது.

பன்னிரண்டு மணிக் கட்டத்தில் கையெழுத்து விழுந்திருந்தது.

கண்டக்டர் வேலையில் ஒவ்வொரு ஸ்டேஜ் தாண்டும்போதும் டிக்கெட் நம்பரைக் குறித்து அந்த ஸ்டேஜை மூட வேண்டும். பஸ் போய்ச் சேராத ஸ்டேஜை முன்னாலேயே மூடுகிறவன் என்ன செய்கிறான் என்று ஸ்டீபன்ராஜுக்குத் தெரியும். அட்டையைக் கழற்றிக்கொண்டு நேராக ஆபீஸ் அறைக்குப் போனார்.

பாத்திமா சிஸ்டர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே பார்த்தார். “அதா சார்? பிள்ளைக காலையிலயே மொத்தமா போட்டுருதுக. எழுத்து வேலைய முடிச்சிட்டா மத்த வேலை பாக்கலாம்ல. திருப்புறது திருப்பிருவோம் சார். அம்மா உடம்புல எங்கயாச்சும் சிவந்திருக்கா, சொல்லுங்க?”

“இல்ல.”

“பெறகு?”

பிறகு ஒன்றுமில்லைதான். அந்த ‘பிறகு’வை எடுத்துக்கொண்டுதான் ஸ்டீபன்ராஜ் அன்றிலிருந்து வாரத்துக்கு நாலு தடவை வரத் தொடங்கினார். செவ்வாய் காலை வந்தவர் புதன் மத்தியானம் வருவார். சாப்பாட்டு நேரத்தில் வருவார், யாரும் வராத மூன்று மணி வெயிலில் வருவார். எப்போது வந்தாலும் விரிப்பு சுருக்கமில்லை, முதுகுக்குத் தலையணை, முகத்தில் பவுடர். ஒருநாள் பவுடர் தோளில் உதிர்ந்து இன்னும் பரவாமல் கிடந்தது. இப்போதுதான் போட்டது.

சைகை எங்கிருந்தோ போகிறது. அது எது என்பதுதான் கேள்வி.

ஒரு வியாழக்கிழமை உள்ளே போகாமல், கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். கேட்டில் வாட்ச்மேன் ஒச்சப்பன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், பெரிய மீசை, மூக்குக் கண்ணாடி. வருகிறவர்கள் நோட்டில் பெயர், நேரம், யாரைப் பார்க்க என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதி முடித்ததும் ஒச்சப்பன் எழுந்து, சுவரில் இருந்த காலிங் பெல்லை அழுத்துவார்.

ஒரு கார் வந்தது. ஒச்சப்பன் இரண்டு தடவை அழுத்தினார். கால் மணி கழித்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஒரு தடவை. பிறகு ஆட்டோவில் ஒரு குடும்பம் இறங்கியது. மூன்று தடவை.

ஸ்டீபன்ராஜ் டீக்கிளாஸை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டினார். நோட்டில் தன் பெயரை எழுதுகிற சாக்கில் மேலே இருந்த வரிகளைப் படித்தார். கார்க்காரர் இரண்டாம் அறை. ஸ்கூட்டர் ஒன்றாம் அறை. ஆட்டோக் குடும்பம் மூன்றாம் அறை.

அவர் எழுதி முடித்தார். ஒச்சப்பன் நாலு தடவை அழுத்தினார்.

“எதுக்கு ஒச்சப்பா நாலு அடி?”

“பெல்லு சரியா அடிக்க மாட்டேங்குது சார். அழுத்தி அழுத்திப் பாக்குறது.”

“ஓஹோ. ரிப்பேரா?”

“ஆமாங்க சார், ரிப்பேருதான்.” ஒச்சப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சைகை பிடிபட்டுவிட்டது. அது எதை மறைக்கிறது என்பது பிடிபடவில்லை. பெல் அடிக்காத நேரத்தில் ஜெசிந்தா எப்படிக் கிடக்கிறாள்? அதைப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

பவுல்ராஜ் அவரோடு பதினைந்து வருடம் ஜோடியாகச் செக்கிங் போனவர். இப்போது ரவுண்டு ரோட்டில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவதுதான் அவருக்கு டியூட்டி. விஷயத்தைக் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

“ஏலே, பழைய மாதிரியா? நீ முன் படிக்கட்டு, நான் பின் படிக்கட்டா?”

“இல்ல. நீ முன்னாடி. நான் பின்னாடி.”

“எப்பவும் உனக்குத்தான்டா பின் படிக்கட்டு. திட்டு வாங்குறது நானு, கேஸப் புடிக்கிறது நீயி.”

மறு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று. பவுல்ராஜ் மூன்று பத்துக்குக் கேட்டில் கையெழுத்துப் போட்டு, ஜெசிந்தாவைப் பார்க்க வந்திருப்பதாக எழுத வேண்டும். அதற்கு முன்னாலேயே ஸ்டீபன்ராஜ் சம்பங்கித் தோட்ட வரப்பு வழியாகப் பின்பக்கம் போய்விட வேண்டும். பின் கேட்டுக்குப் பூட்டு கிடையாது, துணி காயப்போட ஆட்கள் போய் வருவார்கள். அங்கிருந்து பின்ஹால் ஓரமாக நடந்தால் நான்காம் அறையின் ஜன்னல். பெல் அடிப்பதற்கு முன்னால் அந்த அறை எப்படி இருக்கிறது, அடித்த பிறகு என்ன நடக்கிறது, இரண்டையும் பார்த்துவிடலாம். இதுதான் திட்டம்.

திட்டத்தில் ஸ்டீபன்ராஜ் ஒரு நிமிடம் பிந்திவிட்டார். வரப்பில் தண்ணீர் பாய்ச்சியிருந்தது, செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. கொடியில் காய்ந்த விரிப்புகளுக்கு நடுவில் புகுந்து பின்ஹாலின் கதவோரம் வந்தபோது மணி மூன்று ஒன்பது. உள்ளே ஒரு குரல் கேட்டது. நின்றுவிட்டார்.

திறந்திருந்த கதவு வழியாகக் கடைசிக் கட்டில் தெரிந்தது. அதில் பெரிய உடம்புக்காரக் கிழவி ஒருத்தி. பக்கத்தில் பச்சைக் கோட்டு போட்ட உதவியாளப் பெண். அவளை ஸ்டீபன்ராஜுக்குத் தெரியும். முத்துப்பேச்சி. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள். அட்டையில் முன்கூட்டியே கையெழுத்துப் போடுகிற ஆள்.

கிழவியின் நனைந்த விரிப்பைப் பாதி உருவி, அவளைச் சுவர்ப்பக்கத்திலிருந்து கதவுப்பக்கமாகப் பாதி திருப்பியிருந்தாள் முத்துப்பேச்சி. ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தலையணையைத் துழாவினாள்.

பெல் அடித்தது. நாலு தடவை.

“வந்துட்டாருத்தா செக்கிங்கு!” என்றாள் முத்துப்பேச்சி. கையில் அகப்பட்ட தலையணையைக் கிழவியின் முதுகுக்குச் சொருகினாள். “செத்த நேரம் அப்படியே கெட ஆத்தா, இந்தா வந்துர்றேன்.” முன்பக்கக் கதவு வழியாக ஓடியே போய்விட்டாள்.

தலையணை சரியாகச் சொருகப்படவில்லை. மெல்ல நழுவியது. கிழவியின் உடம்பு அதோடு சேர்ந்து கட்டில் விளிம்புக்கு வந்தது. ஸ்டீபன்ராஜ் சேற்றுச் செருப்போடு உள்ளே பாய்ந்து, இரண்டு கையாலும் அவள் தோளைத் தாங்கிப் பிடித்தார்.

“யாரது, புது ஆளா?” என்றாள் கிழவி.

“இல்லம்மா. நான் ஒரு... பாக்க வந்த ஆளு.”

“யாரப் பாக்க?”

அவர் முன்பக்கம் பார்த்து, “சிஸ்டர்!” என்று கத்தினார். “யாரும்மா இருக்கீங்க?” ஹாலில் மற்ற ஏழு தலைகள் அவர் பக்கம் திரும்பின. ஒரு கட்டிலில் கிடந்தவர் மட்டும் திரும்பவில்லை. முன்பக்கம் டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் வரவில்லை.

“கத்தாதய்யா. பெல்லு அடிச்சாச்சுன்னா அவ வர அரை மணியாகும். நாலு பெல்லுன்னா இன்னுஞ் செத்த கூட. அந்தாளு சொவத்தையும் தடவிப் பாத்துட்டுத்தான் போவானாம்.”

ஸ்டீபன்ராஜுக்குக் கை வலிக்க ஆரம்பித்தது. விட்டால் கிழவி தரையில் விழுவாள். பழைய வழக்கப்படி இரண்டு கையையும் அவள் முதுகுக்கு அடியில் கொடுத்துத் தூக்கப் பார்த்தார்.

“ஏய்யா, என்னைய என்ன மூட்டைன்னு நெனச்சியா? தூக்காத! தூக்குனா உன் இடுப்பும் போகும், என் இடுப்பும் போகும். மொதல்ல என்னைய மல்லாக்க விடு. விட்டியா? இப்ப அந்தப் பக்கத்து முட்டிய மடக்கி நட்டு வை. கைய எடுத்து நெஞ்சு மேல போடு. ஆங். இப்ப ஒரு கையி தோள்ல, ஒரு கையி இடுப்புல. ரெண்டையும் சேத்து உன் பக்கமா உருட்டு. உருட்டுய்யா, தடவாத!”

அவர் உருட்டினார். அத்தனை பெரிய உடம்பு, ஒரு கதவு திறக்கிற மாதிரி இலேசாகத் திரும்பியது. ஸ்டீபன்ராஜ் தன் கைகளையே பார்த்தார்.

“வெங்காய மூட்டைய ஒத்த ஆளா உருட்டி வண்டியில ஏத்துனவ நானு. எனக்குத் தெரியாதா?” என்றாள் கிழவி. அவள் பெயர் பொம்மியம்மாள். குஜிலியம்பாறைப் பக்கம் முருங்கையும் வெங்காயமும் போட்ட குடும்பம். ஒரே மகன் திருப்பூரில். போன தீபாவளிக்கு வந்தான்.

தலையணையை அண்டை கொடுக்கும்போது ஸ்டீபன்ராஜ் அவளுடைய முதுகுக்குக் கீழே பார்த்தார். ஐந்து ரூபாய்க் காசு அகலம். ஓரம் சிவந்து, நடுவில் ஈரமாக.

கட்டில் காலில் அட்டை தொங்கியது. எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து.

இருபத்தாறு நிமிடம் கழித்து முத்துப்பேச்சி வந்தாள். கதவருகே அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“சார்... நீங்க இங்கனயா இருக்கீக? அங்க உங்க ஃப்ரெண்டு ஒருத்தரு வந்து அம்மா பக்கத்துல உக்காந்துருக்காரு.”

“ரெண்டு மணிக்கு இந்தம்மாவத் திருப்புனியா?”

“இல்ல சார்.”

“பன்னெண்டு மணிக்கு?”

“இல்ல.”

“அப்ப இது யாரு கையெழுத்து?”

“என்னோடதுதான்.” அவள் தலையைக் குனியவில்லை. “எழுதிக்கங்க சார். மேல சொல்லுங்க. ஆனா ஒண்ணு கேளுங்க. பகல்ல நாங்க ரெண்டு பேரு. ரூமுல பத்துப் பேரு, இங்கன ஒம்பது பேரு. மின்னயெல்லாம் ஞாயித்துக்கெழமதான் ஆளுக வருவாக. மத்த ஆறு நாளும் நாங்க வரிசையா பாத்துக்கிட்டு வருவோம். நீங்க வந்த பெறகுதான் சார் இந்தப் பெல்லு. நீங்க ஆபீசுல அட்டையக் காட்டிச் சண்டை போட்டீகள்ல, அன்னிக்கு சாயந்திரம் சிஸ்டரு சொன்னாக: யாரு வந்தாலும் அவுக ரூமுக்கு ஒரு ஆளு ஓடிறணும்னு.”

“நான் வராத நேரத்துல? என் வீட்டுக்காரிய அப்பத் திருப்புறீங்களா?”

முத்துப்பேச்சி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை. “நீங்க எப்ப வருவீகன்னு யாருக்கு சார் தெரியும்? அதுனால எந்நேரமும் நாலாம் ரூமுல அவுகளத்தான் திருப்பிக்கிட்டே கெடக்கோம். உங்க வீட்டம்மாவுக்கு இங்க ராஜ மரியாதை. இந்த ஆத்தாவுக்குத்தான் மிச்ச நேரம். மிச்சம் எங்க இருக்கு?”

“நல்லாக் கேட்டடி” என்றாள் பொம்மியம்மாள், கண்ணைத் திறக்காமல்.

ஸ்டீபன்ராஜ் அவள் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. பிடிபட்ட கண்டக்டர்கள் சொல்லாத கதையா? ஆனால் ஒன்று அவருக்குத் தெரிந்த கதைதான். அவர் நத்தம் ரோட்டில் நிற்கிற நாளில் நத்தம் ரோட்டு பஸ்ஸெல்லாம் சுத்தமாக ஓடும். அதே நாளில் வேடசந்தூர் ரோட்டில் என்ன ஓடியது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆபீஸ் அறையில் பாத்திமா சிஸ்டர் இந்தத் தடவை போனைக் கீழே வைத்தார்.

“பின்ஹால்ல ஒரு புண்ணு இருக்கு, தெரியுமா?”

“தெரியும் சார். முந்தாநாள்தான் பாத்தோம். மருந்து போடுறோம்.”

“ஆளு பத்தல.”

“கேட்டிருக்கேன் சார். மேனேஜ்மென்ட்ல பாக்குறேன்னு சொல்லிருக்காங்க.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நீங்க கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கலாம். குடுக்க வேண்டாம்னு நான் சொல்லல. வேணும்னா அம்மாவ வேற எடத்துக்கும் மாத்தலாம். உங்களுக்கு அதுல பிரச்சனை இல்ல. அம்மா உடம்புல ஒரு கீறல் கெடையாதே.”

இந்தப் பெண் மிரட்டுகிறாளா, உண்மையைச் சொல்கிறாளா? அவருக்குப் புரியவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கலாம்.

பஸ்ஸில் பவுல்ராஜ் வாயை மூடவில்லை. “எல்லாம் பக்காவா இருக்குடா. விரிப்பு, தலையணை, பவுடரு. நான் போயி உக்காந்ததும் அந்தப் புள்ள ஓடி வந்து தங்கச்சியத் திருப்பி, தலைய வாரி... நீ சும்மா சந்தேகப்படுற.”

“அவ ஓடி வந்தா. எங்க இருந்து ஓடி வந்தான்னு பாத்தியா?”

“அத நான் எப்படிப் பாக்க?”

“அதான்” என்றார் ஸ்டீபன்ராஜ்.

இரண்டு நாள் வீட்டை விட்டு இறங்கவில்லை. கணக்கு நேராகத்தான் இருந்தது. போவதை நிறுத்தினால் நாலாம் அறையில் கை தளரும், ஜெசிந்தாவுக்கு இன்னொரு புண் வந்தால் உடம்பு தாங்காது. போனால், ஒவ்வொரு நாலு பெல்லுக்கும் பின்ஹாலில் ஒரு கிழவி பாதியில் கிடப்பாள். அனிஷாவிடம் போனில் சொன்னார். அவள், “அதுக்காக அம்மாவ விட்டுற முடியுமாப்பா?” என்றாள். அவர் “முடியாதும்மா” என்றார். அன்று சாயங்காலமே உட்கார்ந்து கலெக்டருக்கு மனு எழுதினார். உதவியாளர் எத்தனை பேர், கட்டில் எத்தனை, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, அவர் கண்ணால் கண்டது என்ன, தேதி, நேரம். பிறருடைய தவறை எழுதிய கை வேகமாக ஓடியது. ‘மேற்படி பெல் அடிப்பதற்கு நானே காரணம்’ என்ற வரிக்கு வந்தபோது நின்றது. அதையும் எழுதிவிட்டுத்தான் உறையை ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இறங்க வேண்டிய நிறுத்தத்திலேயே இறங்கினார். நேராகக் கேட்டுக்குப் போனார். நோட்டில் பெயர், நேரம் எழுதினார். யாரைப் பார்க்க என்ற இடத்தில், ‘பொம்மியம்மாள், பின்ஹால்’ என்று எழுதினார்.

ஒச்சப்பன் பெல்லில் கை வைத்துக்கொண்டு நோட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கி மறுபடியும் பார்த்தார்.

“சார், இது...”

“அடி ஒச்சப்பா.”

“எத்தன அடிக்க? பின்ஹாலுக்கு பெல்லு கெடையாதுங்களே. அங்கன யாரும் வாரதில்லைல்ல.”

“இன்னையில இருந்து அஞ்சு.”

“சிஸ்டரு கேட்டா?”

“பெல்லு ரிப்பேருன்னு சொல்லு.”

ஒச்சப்பன் மீசைக்குள் எதையோ அடக்கிக்கொண்டு ஐந்து தடவை அழுத்தினார். ஸ்டீபன்ராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முத்துப்பேச்சி வராந்தாவில் இரண்டடி ஓடி, நின்று, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கேட்டைப் பார்த்தாள். அவர் பின்பக்கமாகக் கையைக் காட்டினார்.

பொம்மியம்மாளின் விரிப்பு மாறி, மருந்து வைத்து, உடம்பு இடது பக்கம் திரும்புகிற வரைக்கும் அவர் கட்டில் பக்கத்தில் நின்றார். “மறுபடியும் வந்துட்டியா? உனக்கு வேற சோலி இல்லையா அப்பு?” என்றாள் கிழவி. “இல்லம்மா” என்றார். பக்கத்துக் கட்டில்காரரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டார், திங்கட்கிழமை நோட்டில் எழுத.

பிறகு பெல் எதுவும் அடிக்காமல், முன்னறிவிப்பு இல்லாமல் நாலாம் அறைக்குப் போனார். இத்தனை மாதமாக அவர் பார்க்கத் துடித்தது இதைத்தான். ஜெசிந்தா மல்லாக்கக் கிடந்தார். தலை கலைந்திருந்தது. பவுடர் இல்லை. அட்டையில் நாலு மணிக் கட்டத்தில் ‘வலது’ என்று கையெழுத்து விழுந்திருந்தது. மணி மூன்று நாற்பத்தைந்து. விரிப்புக்கு அடியில் கை விட்டார். வேர்வை ஈரம் கொஞ்சம். தோல் சிவக்கவில்லை.

யாரையும் கூப்பிடவில்லை. அந்தப் பக்கத்து முட்டியை மடக்கி நட்டு வைத்தார். வராத கையை எடுத்து நெஞ்சின் மேல் போட்டார். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். தன் பக்கமாக உருட்டினார். ஜெசிந்தா திரும்பி அவரைப் பார்க்கப் படுத்தார். முதுகுக்குத் தலையணை வைத்து, நழுவுகிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையில் இருந்த கையெழுத்தை ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் ‘3.47, இடது’ என்று எழுதி, பழைய செக்கிங் கையெழுத்தைப் போட்டார்.

“வலிக்குதா ஜெசி?”

ஜெசிந்தா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு கோணியது. “இல்ல” என்றார்.

இரண்டு வருடத்தில் கேட்காத வார்த்தை. ஸ்டீபன்ராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தி, அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார்.